பழைய கார்களின் மின்கோளாறும் கார்புரேட்டரும்

கார்புரேட்டரும் பிளாட்டினம் பாயின்ட்டும் கொண்ட பழைய பெட்ரோல் கார்களில் வண்டி கிளம்பாமை, மிஸ்ஸிங், ஏற்றத்தில் இழுவைக் குறைவு ஆகிய தொல்லைகள் மின்சுற்றிலிருந்தும் வரலாம், பெட்ரோல் வழியிலிருந்தும் வரலாம். அறிகுறிகள் ஒத்திருப்பதால் முதலில் மின்சுற்றைச் சோதித்துவிட்டு, அதன் பிறகே கார்புரேட்டரைக் கழற்றுவது நல்லது. அம்பாசடர் (2014 வரை உற்பத்தியானது), பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை இந்தியாவில் பரவலாக ஓடிய இவ்வகைக் கார்கள்.

கொங்குப் பின்னணி

ஜி. டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சி–பழனி இடையே ஒற்றைப் பேருந்து ஓட்டத் தொடங்கினார். அதுவே பின்னர் யு.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்தது. அவர் பெயர் தாங்கிய அறக்கட்டளை கோவை அவிநாசி சாலையில் 2015இல் திறந்த ஜிடி கார் அருங்காட்சியகம் பழைய கார்களைப் பேணிவருகிறது. ஹாரன் செய்யும் ரூட்ஸ், மீட்டர் செய்யும் பிரிக்கால் ஆகிய நிறுவனங்களும் கோவையைச் சேர்ந்தவை.

மின்சுற்றும் வயர் நிறங்களும்

பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் சாவி வழியே காயிலுக்கும், அங்கிருந்து பாயின்ட் வழியே எர்த்துக்கும் செல்கிறது. பாயின்ட் திறக்கும் கணத்தில் காயிலில் பல ஆயிரம் வோல்ட் பிறக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அதை 1-3-4-2 என்ற வரிசையில் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்புகிறது.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்த அம்பாசடரின் வயரிங் லூகாஸ் நிறமுறையைச் சார்ந்தது. பழுப்பு வயரில் எப்போதும் கரன்ட் இருக்கும், வெள்ளையில் சாவி போட்டால் வரும், பச்சை வயர் ஃபியூஸ் தாண்டிய இணைப்பு, கறுப்பு வயர் எர்த்து. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது கறுப்புக் கோடிட்ட வெள்ளை வயர். இம்முறையில் பழுப்பு, வெள்ளை வயர்களுக்கு ஃபியூஸ் கிடையாது. அவை உரசி பாடியைத் தொட்டால் வயரிங் முழுதும் எரியக்கூடும். எனவே வயரிங் வேலை தொடங்குமுன் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட வேண்டும்.

சோதனை வரிசை

முழுச் சார்ஜில் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது விளக்கு அணையுமளவு மங்கினால் பேட்டரி, டெர்மினல், எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த எர்த் இணைப்பு பல கோளாறுகளாக வேடமிடும்.

அடுத்து, காயிலின் பாயின்ட் பக்க முனைக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லேம்பை வைத்து எஞ்சினைச் சுழற்றினால், விளக்கு விட்டுவிட்டு எரிய வேண்டும். எரிந்தபடியே இருந்தால் பாயின்ட் மூடவில்லை அல்லது கரிந்துள்ளது. எரியவே இல்லையென்றால் காயிலுக்குக் கரன்ட் வரவில்லை அல்லது பாயின்ட் பக்கம் எர்த் ஆகிறது. அம்பாசடரில் பாயின்ட் இடைவெளி சுமார் 0.4 மி.மீ., பிளக் இடைவெளி சுமார் 0.6 மி.மீ. பாயின்ட்டில் பொறி மிகுதியாகப் பறந்தால் கண்டென்சர் பழுது.

கார்புரேட்டருக்கு வரும் வயர்

பழைய கார்புரேட்டர்கள் பலவற்றில் வயரே இல்லை. சோக்கும் கேபிளால் இயங்கும். பிற்காலக் கார்கள் சிலவற்றில் ஒற்றை வயருடன் சோலினாய்டு உண்டு. சாவி போட்டதும் அது ‘டிக்’கென்று இழுத்து, ஐடிலிங் ஜெட்டுக்குப் பெட்ரோல் விடும். வயர் கழன்றால் ஆக்சிலேட்டரை மிதித்திருக்கும்வரை வண்டி ஓடும், காலை எடுத்ததும் நின்றுவிடும். ஜெட் அடைப்பிலும் இதே அறிகுறி வருவதால், முதலில் ‘டிக்’ ஒலியைக் கேட்டுப் பார்ப்பது வீண் வேலையைத் தவிர்க்கும்.

மலைப்பாதைக் கோளாறுகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்கு ஏறுகையில் காற்றின் அடர்த்தி குறைகிறது. சமவெளிக்கு அமைத்த கார்புரேட்டரில் பெட்ரோல் விகிதம் கூடி, பிளக்கில் கரி படிந்து மிஸ்ஸிங் வரும். குன்னூர், வால்பாறை மூடுபனியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்தாலும் மிஸ்ஸிங்தான். மூடியைத் துடைத்து உலர்த்தியபின் சரியானால் குற்றம் ஈரத்துடையது. பிளக் கறுத்திருந்தால் கலவையுடையது.

நீண்ட ஏற்றத்தில் சூடேறி வண்டி நின்றால் பிளக்கில் பொறி வருகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். பொறி இருந்து, ஏசி பம்ப் எனப்படும் பெட்ரோல் பம்ப்மீது ஈரத்துணி போர்த்தியதும் வண்டி கிளம்பினால், பெட்ரோல் ஆவியாகி வழி அடைத்திருந்தது என்று பொருள். சூட்டில் பொறி மறைந்து, ஆறியபின் திரும்பினால் காயிலையோ கண்டென்சரையோ மாற்ற வேண்டும்.

எர்த் மாற்றம்

மோரிஸ் ஆக்ஸ்போர்டு போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றும்போது காயில் வயர்களை இடம் மாற்றி, டைனமோவின் துருவத்தையும் புதிதாக ஏற்ற வேண்டும். இதைக் கவனிக்காமல் ஆல்டர்னேட்டரையோ எலக்ட்ரானிக் இக்னிஷனையோ பொருத்தினால், இணைத்த மாத்திரத்தில் அவை பழுதாகும்.