149 டாலரில் 450 மெகாஹெர்ட்ஸ்

பட்ஜெட்டுக்குள் கேமிங் கணினி கட்டணும் என்றதும் பலரும் முதலில் கேட்பது "எந்த பிராசஸர்?" என்றுதான். 1998-ஐத் திரும்பிப் பார்த்தால், முதல் கேள்வி வேறாக இருக்கணும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஆகஸ்டில் இன்டெல் ஒரே நாளில் இந்த இரண்டு பிராசஸர்களையும் வெளியிட்டது. 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2, மொத்த விலை 669 டாலர். 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏ, வெறும் 149 டாலர். செலரானின் பெருக்கி 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. ஆனா பஸ் வேகம் மதர்போர்டு கையில்! 66-ஐ 100 ஆக மாற்றினால் 4.5 × 100 = 450. கேஷ் 128 கேபிதான். ஆனால் பென்டியம் 2-இன் 512 கேபி பாதி வேகத்தில் ஓட, இது முழு வேகத்தில் ஓடியது. அதனால் கேம்களில் இரண்டும் கிட்டத்தட்ட சமம்.

சரி, அந்த பிராசஸரை மட்டும் வாங்கினால் போதுமா? போதாது. 100-ஐத் தாங்கும் 440பிஎக்ஸ் போர்டு வேணும், பிசி100 ரேம் வேணும். 66-க்கென்றே வந்த பழைய 440எல்எக்ஸ் போர்டில் இந்த வித்தை பலிக்காது. எல்லாம் பொருந்தினாலும், ஒவ்வொரு செலரானும் 450-ஐத் தொடும் என்று இன்டெல் உத்தரவாதம் தரவில்லை. பலருக்குத் தொட்டது. மிச்சமான பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போனது.

அதனால்தான் இன்றும் விலைப்பட்டியலை நான் மதர்போர்டிலிருந்து படிக்க ஆரம்பிக்கிறேன்.