ஓய்வும் உழைப்பும் ஒரே கரையில்: இலங்கையின் உல்லாசப் பயண வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விடுமுறையைக் கழிப்பதற்காகப் பயணஞ் செய்யும் ஒருவர் தாம் செல்லும் இடத்திற்கு எத்தகைய கடப்பாடு உடையவர் என்னும் வினா அண்மைக் காலத்திற் பெரிதும் எழுப்பப்படுகின்றது. ‘பொறுப்புள்ள பயணம்’, ‘நிலைபேறான சுற்றுலா’ ஆகிய தொடர்கள் ஹோட்டல் விளம்பரங்களிலும் அரசாங்கத் திட்டங்களிலும் ஒருங்கே இடம்பெறுகின்றன. எனினும் இவ்வினா பெரும்பாலும் தனிமனித ஒழுக்கம் பற்றியதாகவே நோக்கப்பட்டு வருகின்றது. குப்பை எறியாதிருத்தல், விலங்குகளைத் துன்புறுத்தாதிருத்தல் போன்றவை வேண்டியவையே. ஆயின், பயணியின் ஓய்வு யாருடைய நிலத்தில், யாருடைய நீரில், யாருடைய உழைப்பில் நிகழ்கின்றது என்பதை வரலாற்று நிலைநின்று நோக்கினாலன்றி அக்கடப்பாட்டின் முழு வடிவமும் புலப்படாது. இலங்கையை, சிறப்பாக அதன் கரையோரத்தை, எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயணம் எமது சமுதாயத்திற்குப் புதியதன்று. கதிர்காமத்திற்குக் கால்நடையாகச் சென்ற அடியார் கூட்டமும், சிவனொளிபாத மலைக்கு ஏறிய பல சமயத்தவரும் இந்நாட்டின் பழைய பயணிகளாவர். யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல் ஆகியன அமைக்கப்பட்டன. பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடம் அம்மரபின் எச்சமாக நிலைத்துள்ளது. சிங்கள மக்கள் வாழும் பகுதிகளில் அம்பலங்கள் இதே தேவையை நிறைவுசெய்தன. வழிப்போக்கருக்கென அமைந்த ஏற்பாடு ஊராருக்கும் அவர்தம் கால்நடைகளுக்கும் உதவியமை இங்குக் கவனிக்கத்தக்கது. கேணியில் வழிப்போக்கர் அருந்திய நீரையே ஊர் மாடுகளும் அருந்தின.

இதனாற் கடந்த காலத்தைப் பொற்காலமாகக் காட்டுவது பொருந்தாது. சாதியமைப்பு இறுகியிருந்த சமுதாயத்திற் பொதுவெனப்பட்டவை யாவும் எல்லோர்க்கும் பொதுவாயிருக்கவில்லை. கோயில்களிலும் தேநீர்க் கடைகளிலும் நுழையும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் 1960களின் பிற்பகுதியிலுங்கூடப் போராட வேண்டியிருந்தது. ஆகவே பழைய மரபிலிருந்து நாம் பெறக்கூடியது ஒரு கருத்து மட்டுமே: பயணிக்குரிய வசதி ஊரின் வாழ்விலிருந்து பிரித்தெடுக்கப்பட வேண்டியதில்லை.

இப்பிரிவு காலனித்துவக் காலத்திலேயே தெளிவாக உருப்பெற்றது. இங்கிலாந்தில் 1841ஆம் ஆண்டு யூலை 5ஆந் திகதி தோமஸ் குக் என்பவர் லெஸ்ரர் நகரிலிருந்து லஃப்பரோவிற்கு ஏறத்தாழ ஐந்நூறு பேரைப் புகையிரதத்தில் அழைத்துச் சென்றார். மதுவிலக்குக் கூட்டமொன்றிற்காக ஒழுங்குசெய்யப்பட்ட அப்பயணம் பின்னர் ஒரு பெருந் தொழிலின் தொடக்கமாகக் கொள்ளப்பட்டது. 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பணை 1885இல் நிறைவெய்தியதும் இலங்கையைக் கீழைத்தேயக் கப்பற்பாதையின் முக்கிய தரிப்பிடமாக்கின.

அக்காலப் பயணி பெரும்பாலும் ஆளும் வர்க்கத்தவர், அல்லது அவர்தம் விருந்தினர். அவருக்கென வாடிவீடுகள் இருந்தன. குளிர்தேடிச் செல்ல நுவரெலியா இருந்தது. பொழுதுபோக்கிற்கு வேட்டை இருந்தது. மேஜர் றொஜேர்ஸ் என்னும் அதிகாரி ஆயிரத்திற்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப் பதிவுகள் கூறுகின்றன. அவ்வாறு வேட்டையாடிய வர்க்கத்தினரே விலங்குகள் அருகத் தொடங்கியபோது 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். யால, வில்பத்து ஆகியன 1938இல் தேசியப் பூங்காக்களாயின. பாதுகாப்பின் பயனை நாம் மறுக்கவில்லை. காட்டை அழித்தவர் ஒருவராகவும், காட்டிலிருந்து விலக்கப்பட்டவர் பிறிதொருவராகவும் இருந்த முரண்பாட்டையே சுட்டுகின்றோம்.

சுதந்திரத்தின் பின், தேயிலை விலை வீழ்ச்சியும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் நாட்டை அழுத்திய சூழலில், உல்லாசப் பயணம் ஓர் ஏற்றுமதிப் பண்டமாகக் கருதப்படலாயிற்று. உல்லாசப் பயணச் சபையை நிறுவிய சட்டம் 1966இல் நிறைவேறியது. அவ்வாண்டு வந்த வெளிநாட்டுப் பயணிகளின் தொகை 18,969. பெந்தோட்டை, பாசிக்குடா முதலிய கரைகள் விடுமுறைத் தலங்களாகத் திட்டமிடப்பட்டன. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை இதனை மேலும் ஊக்குவித்தது. 1982இல் வருகை 407,230 ஆயிற்று. 1983 யூலை வன்செயலைத் தொடர்ந்து அது சரிந்து, 1987இல் 182,620 ஆகக் குறைந்தது. யுத்தம் முடிந்த பின் மீண்டும் பெருகி 2018இல் 2,333,796ஐ எட்டியது; 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னும் கொரோனாத் தொற்றின்போதும் வீழ்ந்து, 2021இல் 194,495 ஆயிற்று. வருவாய் பெருகுங்கால் அதன் பெரும்பங்கு முதலீட்டாளரைச் சேர்ந்தது. வருகை வீழுங்கால் முதலில் வேலையிழந்தோர் ஹோட்டற் பணியாளரும், வாடகை வாகன ஓட்டுநரும், கரையிற் பொருள் விற்றோருமாவர்.

இவ்வளர்ச்சியின் உட்கிடையான முரண்பாட்டைக் கரையோரத்தில் மிகத் தெளிவாகக் காணலாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்க, கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும். இவ்வமைதியே நிலாவெளிக்கும் அறுகம் குடாவிற்கும் விடுமுறைப் பயணிகளை அழைத்து வருகின்றது. நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களின் மீனவர் முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளுக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்வதும், கிழக்கு மீனவர் தம் ஆண்டு வருவாயின் பெரும்பகுதியை ஈட்டுவதும் இதே மாதங்களிலேதான். கரைவலைக்கு நீண்ட, திறந்த மணற்பரப்பு இன்றியமையாதது. தோணி வலையை அரைவட்டமாக வளைத்து வர, இரு அணியினர் கரையில் நின்று அதன் இரு தலைகளையும் இழுப்பர். இதற்கென ‘பாடு’ என வழங்கும் கரைப்பகுதிகள் வழக்காற்று உரிமையாகப் பேணப்பட்டு வந்துள்ளன. பயணியின் கண்ணுக்கு வெறுமையாய்த் தோன்றும் மணற்பரப்பு உண்மையில் ஒரு தொழிற்றலம். ஒரே பருவத்தில், ஒரே கரையை, ஓய்வும் உழைப்பும் வேண்டி நிற்கின்றன. இப்போட்டியில் மூலதனம் ஓய்வின் பக்கமே நிற்கின்றது.

2004 திசெம்பர் 26ஆந் திகதி ஏற்பட்ட ஆழிப்பேரலையின் பின் இது வெளிப்படையாயிற்று. தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்திற்குள் வீடுகளை மீளக் கட்டலாகாது என முதலில் விதிக்கப்பட்டது. உல்லாசப் பயணக் கட்டடங்களுக்கோ விலக்களிக்கப்பட்டது. மீனவரின் குடிசைக்கு ஆபத்தான கரை ஹோட்டலுக்கு மட்டும் எங்ஙனம் பாதுகாப்பானது என மக்கள் வினவினர். எதிர்ப்பின் விளைவாக அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது. வடக்கிலும் இதையொத்த நிலையைக் கண்டோம். 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களிற் பலர் தம் காணிகளுக்குத் திரும்பாதிருந்த காலத்திலேயே காங்கேசன்துறைக் கரையில் இராணுவத்தினர் நடத்திய உல்லாச விடுதி விருந்தினரை வரவேற்றது.

கரையைப் போன்றே கடலடியும் இவ்வரலாற்றிற்கு உட்பட்டது. தென்மேற்குக் கரையில் முருகைக்கல்லைச் சூளையிற் சுட்டுப் பெற்ற சுண்ணாம்பு நெடுங்காலம் கட்டடத் தொழிலுக்குப் பெருமளவிற் பயன்பட்டது. ஹிக்கடுவைக் கடற்பகுதி 1979இற் சரணாலயமாகவும் 2002இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. எனினும் படகுகளின் நெருக்கடியாலும், 1998இற் கடல்நீர் வெப்பமேறியதால் நேர்ந்த வெளிறலாலும் அம்முருகைகளிற் பெரும்பகுதி அழிந்தது. திருகோணமலைப் பகுதி முருகைகள் அவ்வாண்டு பெரும்பாலும் தப்பின. நிலாவெளிக்கு அப்பால் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாத்தீவு 1963இற் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. 2009இன் பின் திரள்திரளாக வந்தோர் ஆழமற்ற நீரில் முருகைகளின் மீதே ஏறி நின்றனர். முருகையின் பாறைபோன்ற உடல் எண்ணிறந்த சிற்றுயிர்களின் கூட்டமைப்பு என்பதும், திரள்வடிவ முருகை ஆண்டிற்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளரும் என்பதும் அவர்களுக்கு உணர்த்தப்படவில்லை. வெப்பமேறிய கடலில் தப்பியது மனிதக் காலடியில் நொறுங்கியது. அம்முருகைகளை அண்டிப் பெருகும் மீன்வளமும் இதனாற் குன்றும்.

இவற்றிலிருந்து பயணியின் கடப்பாடுகள் சில தெளிவாகின்றன. தங்குமிடம் யாருடைய காணியில் எழுந்தது, பணிபுரிவோர் எவ்வூரினர், அவர்க்கு நியாயமான ஊதியம் கிடைக்கின்றதா என விசாரித்தல் முதலாவது. ஊரார் நடத்தும் விடுதியையும் உணவுக் கடையையும் நாடினால், செலவிடும் பணத்தின் கூடிய பங்கு அவ்விடத்திலேயே தங்கும். வலை இழுக்குங்காற் கரையை விட்டு விலகுதல், மீனவரின் அனுமதியின்றி அவர்தம் உழைப்பைப் படமெடுக்காதிருத்தல், முருகையின் மீது நில்லாதிருத்தல், முருகையையும் சங்கையும் விலைக்கு வாங்காதிருத்தல் என்பன அடுத்தவை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. சுண்ணாம்புக்கல்லிடையே தேங்கும் நன்னீரை மிதமிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலேறும். அத்தகைய இடத்தில் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது அயலாரின் தோட்டத்தையும் கிணற்றையும் காப்பதாகும். யுத்தத்தால் அழிந்த இடங்களைக் காணச் செல்வோர் அவை பலருக்குத் துயர நினைவிடங்கள் என்பதையும் மறத்தலாகாது.

இவை மட்டும் போதுமென நாம் கருதவில்லை. தனிப்பட்ட பயணியின் நல்லெண்ணம் காணி உரிமையைத் திருப்பித் தராது. கரைப்பாட்டைச் சட்டத்தாற் காக்காது. பணியாளருக்குத் தொழிற்சங்கம் அமைத்துக் கொடுக்காது. இவற்றுக்கு அரசியல் முயற்சி வேண்டும். 2002இல் கேப்ரவுனில் வெளியிடப்பட்ட பொறுப்புள்ள சுற்றுலா பற்றிய பிரகடனம், மக்கள் வாழ்வதற்குச் சிறந்த இடங்களை உருவாக்குவதை முதலிலும், பயணிகள் காண்பதற்குரிய இடங்களை உருவாக்குவதை அதன் பின்னரும் வைத்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. இவ்வரிசை எமது நாட்டுத் திட்டங்களிற் பெரும்பாலும் தலைகீழாகவே இருந்து வந்துள்ளது. அதனை நிமிர்த்தும் போராட்டம் கரையோர மக்களுடையது. அவர்தம் கரைக்கு ஓய்வுதேடிச் செல்லும் பயணி அப்போராட்டத்தை அறிந்திருத்தலும், தமது பணத்தாலும் நடத்தையாலும் அதற்கு ஊறு செய்யாதிருத்தலும் பொறுப்பின் முதற்படியாகும்.