பூப்பந்து மட்டை

பூப்பந்து எனப்படும் பால் பேட்மிண்டனில் கம்பளிநூல் பந்தை அடிக்கப் பயன்படும், நரம்பு பின்னிய மட்டை. தஞ்சாவூரில் தோன்றிய இவ்வாட்டத்துக்கு இந்தியக் கூட்டமைப்பு 1954இல் அமைந்தது. மட்டை பொதுவாக 63–70 செ.மீ. நீளமும் 165–185 கிராம் எடையும் உடையது. பந்தின் எடை 27–30 கிராம். இறகுப்பந்தோ ஏறக்குறைய 5 கிராம்தான். ஆகவே இறகுப்பந்து மட்டை, எத்தனை விலையுயர்ந்ததாயினும், இதற்கு உதவாது. நரம்பு விரைவில் அறுந்துவிடும். ஐவர் அணியில் முன்வரிசை ஆட்டக்காரருக்குச் சட்டெனத் திருப்பவல்ல இலேசான மட்டையும், பின்வரிசையினருக்கு நெடுந்தூரம் அடிக்கத் தலைப்பகுதி சற்றே கனத்த மட்டையும் பொருந்தும். கற்போர் முதலில் பார்க்க வேண்டியது கைப்பிடியின் பருமனை. உள்ளங்கைக்கு மீறித் தடித்த பிடி மணிக்கட்டின் அசைவைத் தடுக்கும். நரம்பை இறுக்கிக் கட்டினால் பந்து குறிதவறாது செல்லும், விசை குறையும். தளர்த்தினால் இதற்கு நேர்மாறு.