ஆஸ்துமா மரணங்களின் இரு அலைகள்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஆஸ்துமா நோயாளியை வாட்டுமேயன்றி அவரது உயிரைப் பறிப்பதில்லை என்ற கருத்தே மேலை மருத்துவத்தில் வேரூன்றியிருந்தது; 1892-இல் வெளியான வில்லியம் ஆஸ்லரின் புகழ்பெற்ற மருத்துவப் பாடநூலும் இழுப்பின்போது மரணம் நேர்வதில்லை என்றே கூறியது. இது மிகைப்பட்ட கூற்றுதான் என்றாலும், அந்நூற்றாண்டின் முதற்பாதி முழுவதும் பல நாடுகளின் இறப்புப் பதிவேடுகளில் இளவயதினரின் ஆஸ்துமா மரண விகிதம் இலட்சத்துக்கு ஒன்றுக்கும் கீழாகவே பெரிய ஏற்றத்தாழ்வின்றி நீடித்ததால், அதை ஐயுறும் தேவை எவருக்கும் எழவில்லை. இங்கு 'இளவயதினர்' என்பது 5 முதல் 34 வயது வரையிலானவர்களைக் குறிக்கும். முதியோரிடம் நாட்பட்ட மார்ச்சளியையும் கைக்குழந்தைகளிடம் நுரையீரல் தொற்றையும் ஆஸ்துமா என்று சான்றிதழில் எழுதிவிடும் வாய்ப்பு மிகுதி என்பதால், ஆய்வாளர்கள் இந்த இடைப்பட்ட வயதினரின் கணக்கையே நம்பத்தக்கதாகக் கொண்டனர். நாடு தழுவிய மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் பின்னர் நேர்ந்த இரு விபரீதங்களும் கண்ணில் படாமலே போயிருக்கக்கூடும்.

1956-இல் அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனம், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அளந்த அளவு மருந்தைப் புகையாகத் தெளிக்கும் சிறு கலனை 'மெடிஹேலர்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று இன்ஹேலர் என்று எல்லோரும் அறிந்த கருவியின் முன்னோடி இதுவே. அதில் அடைக்கப்பட்ட மருந்துகளுள் ஒன்றான ஐசோபிரினலின், இறுகிய மூச்சுக்குழல் தசைகளை நொடிகளில் தளர்த்தியது. ஆனால் அதே வேகத்தில் இதயத்தையும் முடுக்கிவிட்டது. சட்டைப்பைக்குள் அடங்கும் இக்கலன் பிரிட்டனில் 1968 வரை மருத்துவர் சீட்டின்றியே கடைகளில் கிடைத்தது.

1960-க்குப் பின் இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் பதிவேடுகளில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென ஏறத் தொடங்கின. ஃபிராங்க் ஸ்பைசர், ரிச்சர்ட் டால், பீட்டர் ஹீஃப் ஆகியோர் 1968-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 10 முதல் 14 வயதுச் சிறாரிடையே ஏழாண்டுகளுக்குள் மரண விகிதம் ஏறத்தாழ எட்டு மடங்காகி, 1966-இல் அவ்வயதில் நேர்ந்த மரணங்கள் அனைத்திலும் 7 விழுக்காடு ஆஸ்துமாவால் நேர்ந்தவையாக இருந்தன. நோயை இனங்காணும் முறையோ மரணங்களை வகைப்படுத்தும் விதியோ மாறியதால் விளைந்த தோற்றம் இது என்று கொள்ள இடமில்லாதபடி உயர்வு செங்குத்தாக இருந்தது. 1967-இல் மருந்துப் பாதுகாப்புக் குழு மருத்துவர்களை எச்சரித்து, மறு ஆண்டில் கலன்கள் மருத்துவர் சீட்டுக்குக் கட்டுப்படுத்தப்பட்டபோது, விற்பனை இறங்கிய போக்கிலேயே மரணங்களும் இறங்கின என்பதை வில்லியம் இன்மனும் ஆபிரகாம் அடெல்ஸ்டைனும் 1969-இல் காட்டினர். எனினும் இதே கலன்கள் விற்ற அமெரிக்காவில் இத்தகைய அலை எழவில்லை. இந்தப் புதிருக்கு 1972-இல் பால் ஸ்டோலி அளித்த விடை, ஒரு தெளிப்பில் ஏறத்தாழ ஐந்து மடங்கு மருந்தைத் தரும் 'ஃபோர்ட்டே' வகைக் கலன் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற, மரணங்கள் பெருகிய நாடுகளில் விற்கப்பட்டது, அமெரிக்காவிலோ அதற்கு உரிமம் வழங்கப்படவில்லை என்பதாகும்.

இதயத்தை அவ்வளவாகத் தூண்டாத சால்பியூட்டமால் 1969-இல் வந்தது. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் 1972-இல் வந்தது. சிக்கல் தீர்ந்தது என்றே மருத்துவ உலகம் கருதியது.

நியூசிலாந்தில் மட்டும் அது தீரவில்லை. அங்கே 1976-க்குப் பின் இளவயதினரின் மரண விகிதம் மீண்டும் ஏறி, 1979-இல் இலட்சத்துக்கு நான்கைத் தாண்டியது. மற்ற நாடுகளில் இதற்கு இணையான உயர்வு இல்லை. 1982-இல் ராட் ஜாக்சனும் உடனாய்வாளர்களும் இப்புதிய அலையைச் சுட்டிக்காட்டினர். ஒவ்வொரு மரணத்தையும் விசாரித்த தேசிய அளவிலான ஆய்வு, சான்றிதழ்கள் இளவயதினரைப் பொறுத்தவரை பெரிதும் சரியே என்பதையும், மாவோரி மக்கள் மிகுதியாகப் பலியாயினர் என்பதையும் உறுதிப்படுத்தியது. ஆனால் காரணத்தைப் பொறுத்தவரை, நோயாளிகள் காலம் தாழ்த்தி வந்தனர், மருத்துவர்கள் நோயின் கடுமையைக் குறைத்து மதிப்பிட்டனர் என்ற பொதுவான விளக்கங்களே நிலவின. இவை எந்நாட்டிலும் உள்ள குறைகள். ஒரு நாட்டில் ஓர் ஆண்டில் திடீரென எழுந்த அலையை இவற்றைக் கொண்டு விளக்க முடியாது.

ஃபெனோடெரோல் என்ற மருந்து நியூசிலாந்தில் அறிமுகமான ஆண்டும் 1976-தான். சில ஆண்டுகளுக்குள் அது இன்ஹேலர் விற்பனையில் சுமார் 30 விழுக்காட்டைப் பிடித்தது; ஒரு தெளிப்பில் சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம் என்றால் ஃபெனோடெரோல் 200 மைக்ரோகிராம் தந்தது. வெலிங்டனைச் சேர்ந்த ஜூலியன் கிரேன், நீல் பியர்ஸ், ரிச்சர்ட் பீஸ்லி முதலியோர் 1989-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு, 1981 முதல் 1983 வரை ஆஸ்துமாவால் இறந்த 117 பேருக்கு எழுதித்தரப்பட்ட மருந்துகளை, இறக்காத 468 ஆஸ்துமா நோயாளிகளின் மருந்துகளோடு ஒப்பிட்டது. இறந்தவர்களிடையே ஃபெனோடெரோல் பெற்றவர்கள் கூடுதலாக இருந்தனர். மருந்தைத் தயாரித்த போரிங்கர் இங்கல்ஹைம் தரப்பு, கடுமையான நோயாளிகளுக்கே அம்மருந்து கொடுக்கப்பட்டிருக்கலாம், ஆகவே கொன்றது நோயேயன்றி மருந்தன்று என வாதிட்டது. நேர்மையான ஐயம்தான். ஆனால் முன்பே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஸ்டீராய்டு மாத்திரையும் உட்கொண்ட கடும் நோயாளிகளை மட்டும் தனியே பிரித்து ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு மங்குவதற்கு மாறாகப் பன்மடங்கு வலுத்தது. இறந்தவர்க்கும் அவர்களோடு ஒப்பிடப்பட்டவர்க்கும் தகவல் வெவ்வேறு மூலங்களிலிருந்து பெறப்பட்டது என்ற மற்றொரு குறையைக் களைய, இரு தரப்புக்கும் மருத்துவமனைப் பதிவுகளையே பயன்படுத்திய பிந்தைய இரு ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின.

1989-இலேயே சுகாதாரத் துறை மருத்துவர்களை எச்சரித்து, அம்மருந்தை அரசுச் செலவில் வழங்குவதைக் கட்டுப்படுத்தியது; விற்பனை சரிந்தது; மரண விகிதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. ஸ்டீராய்டு இன்ஹேலரின் பயன்பாடு 1980-கள் முழுவதும் படிப்படியாகவே கூடிவந்ததால், இந்தத் திடீர் இறக்கத்துக்கு அது மட்டுமே காரணமாக இருக்க இயலாது. மரணங்களோடு மருத்துவமனைச் சேர்க்கைகளும் குறைந்தன என்பது இவ்வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி. நோயாளிகள் விழிப்படைந்து உரிய நேரத்தில் மருத்துவமனையை நாடியதே மரணம் குறைந்ததற்குக் காரணம் என்றால், சேர்க்கைகள் பெருகியிருக்க வேண்டும். இரண்டும் ஒருசேரக் குறைந்தது, அம்மருந்து மரணத்தை விளைவித்ததோடு நோயையே கடுமையாக்கியும் வந்தது என்ற விளக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது.

போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனத்தின் நிதியுதவியோடு கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் நடத்தப்பட்டு 1992-இல் வெளியான ஆய்வு, ஃபெனோடெரோல் மட்டுமன்றிச் சால்பியூட்டமாலும் மிகையாகப் பயன்படுத்தப்படும்போது மரண ஆபத்து உயர்வதைக் கண்டது. ஆனால் மிகைப் பயன்பாடு ஆபத்தின் காரணமா, முற்றிய நோயின் அடையாளமா என்பதை அதனால் அறுதியிட முடியவில்லை. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதல்களை வகுக்கும் 'ஜீனா' அமைப்பு, உடனடி நிவாரணம் தரும் இவ்வகை இன்ஹேலரை ஸ்டீராய்டு துணையின்றித் தனியே தருவதை வயது வந்தோருக்கும் பதின்வயதினருக்கும் பரிந்துரைப்பதில்லை என்று 2019-இல்தான் அறிவித்தது.