பிட்ஸ்ராய்: ஒரு பேட்டையின் கதை

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் தலைநகரம் மெல்போர்ன். அந்நகரின் நடுப்பகுதியிலிருந்து வடகிழக்கு நோக்கி அரைமணி நேரம் நடந்தால் பிட்ஸ்ராய் என்னும் பேட்டையை அடையலாம். அதன் பரப்பு ஒன்றரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. உலகப் படத்தில் அதைத் தேடுவது வீண் வேலை. எனினும் மாணவர்களாகிய உங்களிடம் பேசுவதற்கு இந்தச் சிறு பேட்டையையே நான் தேர்ந்தெடுத்தேன். அதிகாரத்தில் இருந்தோர் அதனைப் பன்முறை பார்வையிட்டு, 'இஃது இருத்தலாகாது' என்று தீர்ப்பு எழுதினர். அங்கு வாழ்ந்த மக்களோ அத்தீர்ப்பை அப்படியே ஏற்றுக் கொண்டாரில்லை.

அந்நிலம் தொன்றுதொட்டு உருஞ்செரி என்னும் ஆதிக்குடி மக்களுக்கு உரியது. 1835 இல் மெல்போர்ன் தோன்றிற்று. நான்கே ஆண்டுகளில் இப்பகுதி பெருந்துண்டுகளாக விற்கப்பட்டது. வாங்கியவர்கள் தத்தம் மனம் போனவாறு அவற்றைக் கூறுபோட்டு மறுபடி விற்றனர். ஒருவர் அமைத்த தெரு அடுத்தவர் அமைத்த தெருவோடு பொருந்தவில்லை. இன்றும் அங்கே நேராகச் செல்லும் சந்து திடீரென்று ஒரு சுவரில் முட்டி நிற்பதைக் காணலாம். பேராசை வரைந்த வரைபடம் அது! அக்காலத்தில் நியூ சௌத் வேல்ஸின் கவர்னராக இருந்த சர் சார்லஸ் பிட்ஸ்ராயின் பெயர் பேட்டைக்கு வாய்த்தது. 1858 இல் மெல்போர்ன் நகரசபையிலிருந்து பிரிந்து, தனக்கெனத் தனி நகராண்மைக் கழகம் பெறும் பெருமையையும் அது அடைந்தது. நேப்பியர் வீதியில் தூண்களோடு நிமிர்ந்து நிற்கும் நகர மண்டபம் அந்தப் பெருமிதத்தின் சின்னம். 1873 இல் தொடங்கிய அக்கட்டடம் 1880களின் இறுதியில் விரிவாக்கப்பட்டது. நிக்கல்சன் வீதியில் கருங்கல்லால் எழுந்த மூன்றடுக்கு மாளிகை வரிசையில் தொடக்கத்தில் செல்வர்கள் வாழ்ந்தனர்.

1890களில் விக்டோரியாவைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி தாக்கியது. செல்வர்கள் வேறிடம் பெயர்ந்தார்கள். பெரிய வீடுகள் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டன. வாடகை குறைந்த இடத்தை நாடி எளியோர் வருவது இயல்புதானே? அவர்களுக்கு வேலை தந்தவை தொழிற்சாலைகள். மக்பர்சன் ராபர்ட்சன் என்னும் இளைஞர் 1880 இல் தம் வீட்டுக் குளியலறையில் மிட்டாய் காய்ச்சத் தொடங்கினார். அந்தச் சிறு முயற்சி தெருத் தெருவாகப் பரந்த பெரிய சாக்லெட் தொழிற்சாலையாக வளர்ந்தது. கட்டடங்களுக்கெல்லாம் அவர் வெள்ளையடித்தமையால் மக்கள் அதனை 'வெள்ளை நகரம்' என்றனர். தவளை வடிவில் அமைந்த அவருடைய சாக்லெட் 1930 இல் பிறந்தது. இன்றும் ஆஸ்திரேலியக் குழந்தைகள் அதை விரும்பி உண்கின்றனர். 1967 இல் நிறுவனம் கைமாறிற்று. கட்டடங்களில் சில இப்போது உயர்ந்த விலையுள்ள குடியிருப்புகளாக மாறியுள்ளன.

இனி அந்தத் தீர்ப்புகளுக்கு வருவோம். ஆஸ்வால்டு பார்னெட் ஒரு கணக்காளர். சமயப் பற்று மிக்கவர். கையில் புகைப்படக் கருவியோடு மெல்போர்னின் ஏழைச் சந்துகளில் நுழைந்து, ஒழுகும் கூரைகளையும் இருண்ட அறைகளையும் படம் பிடித்தார். பாதிரியார் ஜெரார்டு டக்கர் 1933 இல் பிட்ஸ்ராய்க்கு வந்து, புனித லாரன்ஸ் சகோதர சங்கத்தின் வாயிலாகத் தொண்டாற்றினார். இவர்களைப் போன்றோர் எழுப்பிய குரலின் பயனாக 1938 இல் வீட்டு வசதி ஆணையம் அமைந்தது. இவர்களுடைய நல்லெண்ணத்தை நான் ஒருபோதும் ஐயுறேன். மழைநீர் ஒழுகும் அறையில் குழந்தை உறங்குவதைக் கண்டு வாளாவிருப்பவன் மனிதனல்லன். ஆனால் ஆணையத்தின் கண்ணுக்குச் சுவர்களே புலப்பட்டன. அச்சுவர்களுக்கு இடையே வாழ்ந்த அண்டை அயல் உறவு புலப்படவில்லை. 'சேரி' என்ற ஒரு சொல்லால் நல்ல வீடும் கெட்ட வீடும் ஒன்றாயின. பிரன்ஸ்விக் வீதியை ஒட்டி ஒரு பெரும் பகுதி இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. 1970 ஐ ஒட்டி, தலா இருபது மாடிகள் கொண்ட நான்கு கோபுரங்கள் அவ்விடத்தில் எழுந்தன. ஆதர்ட்டன் தோட்டம் என்று அதற்குப் பெயர். உள்நகரப் பேட்டைகளின் மக்கள் சங்கம் கூட்டி எதிர்த்த பின்னரே அத்தகைய இடிப்புகள் ஓய்ந்தன.

ஆதிக்குடி மக்களின் கதை பிட்ஸ்ராயில் தனிச்சிறப்பு உடையது. சொந்த நிலத்திலிருந்து அகற்றப்பட்டு அரசின் குடியேற்றங்களில் அடைபட்டு வாழ்ந்தவர்கள், வேலை தேடியும் உறவினரை நாடியும் இங்கே வந்து சேர்ந்தனர். கம்மராகஞ்சா என்னும் குடியேற்றத்தில் 1906 இல் பிறந்தவர் டக்ளஸ் நிக்கல்ஸ். உருவத்தில் சிறியவர், ஓட்டத்தில் காற்றைப் போன்றவர். கார்ல்ட்டன் கால்பந்துக் கழகத்தில் விளையாட முயன்றபோது நிறத்தின் பேரால் அவமதிக்கப்பட்டு வெளியேறினார். 1932 இல் பிட்ஸ்ராய்க் கழகம் அவரை ஏற்றது. பழைய அவமதிப்பின் நினைவோடு ஆடை மாற்றும் அறையில் தனித்து உட்கார்ந்திருந்த அவரிடம், அக்கழகத்தின் புகழ்பெற்ற வீரர் ஹெய்டன் பண்டன் தாமே வந்து உடன் அமர்ந்தார் என்பர். இத்தகைய சிறு செயல்களை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. நான் விட விரும்பவில்லை.

நிக்கல்ஸ் பின்னர்ச் சமய ஊழியரானார். கோர் வீதியில் ஆதிக்குடி மக்களுக்கான திருச்சபையை நடத்தினார். 1972 இல் 'சர்' பட்டமும், 1976 இல் தென் ஆஸ்திரேலியாவின் கவர்னர் பதவியும் பெற்றார். ஆதிக்குடியினருள் இவ்விரண்டையும் முதலில் அடைந்தவர் அவரே. கெர்ட்ரூட் வீதி முடியும் இடத்தில், சாலைக்கு எதிரே கார்ல்ட்டன் பூங்காவின் ஓரத்தில், அத்தி இனத்தைச் சேர்ந்த பெருமரம் ஒன்று நிற்கிறது. அதன் நிழலில் நின்று அவரும் அவருடைய தோழர்களும் உரிமை முழக்கம் செய்தார்கள். அதே பூங்காவில் 1880 ஆம் ஆண்டுக் கண்காட்சி மாளிகை உள்ளது. 1901 இல் ஆஸ்திரேலியாவின் முதல் நாடாளுமன்றம் தொடங்கப்பெற்ற இடம் அதுவே. பயணிகள் மாளிகையைப் படமெடுத்துக் கொண்டு செல்கின்றனர். மரத்தடியில் நிற்பவர் சிலரே. 1973 இல் ஆதிக்குடி மக்கள் தாங்களே நடத்தும் மருத்துவ நிலையத்தைக் கெர்ட்ரூட் வீதியில் தொடங்கியபோது, அம்மரத்தடிப் பேச்சு ஒரு கட்டடமாக உருப்பெற்றது எனலாம்.

கால்பந்தைப் பற்றிச் சொல்லாமல் பிட்ஸ்ராயைப் பற்றிப் பேச முடியாது. 1883 இல் தோன்றிய அக்கழகம் எட்டுமுறை வாகை சூடியது. 1916 இல் போரின் காரணமாக நான்கு கழகங்களே களமிறங்கின. பட்டியலில் கடைசியாக நின்ற பிட்ஸ்ராய், இறுதிச் சுற்றில் ஏனையோரை வென்று வாகை சூடியது! பணமில்லாத கழகம் எத்தனை நாள் தாங்கும்? 1996 செப்டம்பர் 1 ஆம் நாள் தன் கடைசி முதல்தர ஆட்டத்தை ஆடிவிட்டு, தொலைவிலுள்ள பிரிஸ்பேன் கழகத்தோடு இணைக்கப்பட்டது. ஆனால் பெயரை இழக்க மனமில்லாதவர்கள் 2009 இல் அமெச்சூர் ஆட்டத்தில் பிட்ஸ்ராயை மீண்டும் களத்தில் இறக்கினர். பேட்டையின் வடக்கே, 1888 இல் கட்டிய மரக் கொட்டகை நிற்கும் பழைய மைதானத்திலேயே அவர்கள் ஆடுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இத்தாலியரும் கிரேக்கரும் வந்தனர். அவர்களுடைய குழந்தைகள் 1908 இல் திறக்கப்பட்ட பொது நீச்சல் குளத்தில் ஆழம் அறியாது குதிப்பதும், காவலர் குதித்து மீட்பதும் வழக்கமாயின. ஆகவே 1953 அளவில், 'ஆழமான நீர்' என்று பொருள்படும் இரண்டு இத்தாலியச் சொற்களைச் சுவரில் பெரிய எழுத்துகளால் தீட்டினர். அக்குவா ப்ரொபோந்தா! எழுதியவருக்கு இத்தாலியம் தெரியாது போலும். முதற்சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டது. 1994 இல் பிட்ஸ்ராய் நகராண்மைக் கழகம் கலைக்கப்பட்டு, அண்டைப் பேட்டைகளோடு யாரா என்னும் புதிய நகரசபையில் இணைந்தது. அரசு நியமித்த ஆணையர்கள் செலவைக் காட்டி நீச்சல் குளத்தை மூட முற்பட்டனர். மக்கள் திரண்டனர், குளத்தை விட்டு அகல மறுத்தனர். ஆணையர்கள் பணிந்தார்கள். இன்று அந்தப் பிழையான எழுத்துகள், மாநிலம் பாதுகாக்கும் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்று.

இப்போது வந்துள்ள துன்பம் வேறு வகையினது. ஒரு காலத்தில் இடிக்கத்தக்கவை என்று குறிக்கப்பட்ட சந்து வீடுகளை இன்று பெருஞ்செல்வரே வாங்க முடிகிறது. எளியோர்க்கு எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அந்த இருபது மாடிக் கோபுரங்களே. வியட்நாமியரும், அவர்களுக்குப் பின் கிழக்கு ஆப்பிரிக்க நாட்டினரும் அவற்றில் குடியேறி வேரூன்றினர். 2023 இல் விக்டோரியா அரசு, மெல்போர்னிலுள்ள இத்தகைய கோபுரங்கள் 44 ஐயும் 2051 க்குள் இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக அறிவித்தது. கட்டடங்கள் பழையன என்பது உண்மை. குடியிருப்போர் கேட்பது, 'எங்களை எங்கே அனுப்புவீர்கள், எப்போது திரும்ப அழைப்பீர்கள்?' என்பதே.

ஒரு ஜனவரி மாதத்துப் பிற்பகலில் நான் அந்த நீச்சல் குளத்தின் கரையில் நின்றேன். அங்கே அது கடுங்கோடை. பல நிறத்துச் சிறுவர்கள் ஆழமான முனைக்கு ஓடிக் குதித்துக் கொண்டிருந்தார்கள். சுவரிலுள்ள எச்சரிக்கையை ஒருவனும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. காவலர் மட்டும் எழுந்து நின்று ஊதலை வாயில் வைத்தார்.