கான்டெஸாவும் ஸ்டாண்டர்ட் 2000-உம்

கான்டெஸா, ஸ்டாண்டர்ட் 2000 ஆகியவை 1980-களின் நடுவில் இந்தியச் சந்தையில் ஒன்றையொன்று எதிர்கொண்ட பெரிய கார்கள். கான்டெஸாவை இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரையிலும், ஸ்டாண்டர்ட் 2000-ஐச் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதி ஆலையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1985 முதல் சில ஆண்டுகளுமே தயாரித்தன. இவற்றுள் கான்டெஸா பிற்காலத்தில் 'இந்தியாவின் மசில் கார்' எனப் பெயர் பெற்றது. நடுத்தர அளவுள்ள உடற்கூட்டில் எட்டு உருளைகள் கொண்ட பெரிய எஞ்சினைப் பொருத்திப் பின்சக்கரங்களை இயக்கும் அமெரிக்கக் காரையே மசில் கார் என்பர். 1964-இன் பாண்டியாக் ஜிடிஓ அவ்வகையின் முன்னோடியாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அந்த அளவுகோலின்படி இவ்விரண்டில் எதுவும் மசில் கார் ஆகாது என்றாலும், நீண்ட முகப்பும் அகன்ற தோற்றமும் பின்சக்கர இயக்கமும் அப்பெயருக்கு இடமளித்தன.

கான்டெஸாவைத் தந்த இந்துஸ்தான் மோட்டார்ஸின் பின்னே இருந்த பிர்லா குடும்பத்துக்குத் தில்லியில் வேறோர் அடையாளமும் உண்டு. அங்கு முன்பு ரீடிங் ரோடு எனப்பட்ட மந்திர் மார்க்கின் இன்றைய பெயருக்குக் காரணமான லட்சுமி நாராயணர் கோயிலை, பல்தேவ் தாஸ் பிர்லாவும் அவர் மகன் ஜுகல் கிஷோர் பிர்லாவும் கட்டுவித்தனர்; எல்லாச் சாதியினரையும் உள்ளே விட வேண்டும் என்னும் நிபந்தனையுடன் காந்தியடிகள் அதனை 1939-இல் திறந்து வைத்தார். கோயில் திறந்த மூன்றாண்டுகளில், அதாவது 1942-இல், அதே குடும்பத்தின் பிரஜ் மோகன் பிர்லா இந்துஸ்தான் மோட்டார்ஸைத் தொடங்கினார். கோயிலும் கான்டெஸாவும் இவ்வாறு ஒரே குடும்பத்தின் முயற்சிகளாகும்.

இரு கார்களும் பிரிட்டனில் வாழ்ந்து முடித்த வடிவங்களின் மறுபிறப்புகளே. கான்டெஸாவின் மூலம் 1970-களின் வாக்ஸ்ஹால் விக்டர் வரிசை. ஸ்டாண்டர்ட் 2000-இன் மூலம் 1976-இல் வெளிவந்து அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் விருதைப் பெற்ற ரோவர் எஸ்டி1. அழகை மட்டும் கருதினால் சென்னைக் காருக்கே முதலிடம் தர வேண்டும். சரிந்து இறங்கும் கூரையும் மேல்நோக்கித் திறக்கும் பின்கதவும் ஒருசேர அமைந்த பெரிய கார் அன்றைய இந்தியச் சாலையில் அரிது.

தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது உடற்கூடு அன்று, எஞ்சின். பிரிட்டனில் ரோவருக்கு 3,528 கன செ.மீ. கொள்ளளவுள்ள எட்டு உருளை எஞ்சினும் கிடைத்தது. சென்னையிலோ அதே உடலுக்குள் 1,991 கன செ.மீ. அளவுள்ள பழைய நான்கு உருளை எஞ்சின் வைக்கப்பட்டது. ஸ்டாண்டர்ட் வான்கார்டு காருக்காக 1940-களில் உருவாகி ஃபெர்குசன் டிராக்டர்களிலும் உழைத்த எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 83 குதிரைத்திறன்; அந்த உடலுக்குப் போதாத ஆற்றல் அது, பெட்ரோல் செலவும் மிகுதி. தொடக்ககாலக் கான்டெஸாவின் நிலை இன்னும் மோசம்: அம்பாசடரின் 1,489 கன செ.மீ. எஞ்சினே அதிலும் இருந்ததால், சுமார் 50 குதிரைத்திறனைக் கொண்டு அத்தனை பெரிய காரை இழுக்க வேண்டியிருந்தது.

இந்த நிலையைப் புரட்டியது ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் தொழில்நுட்பம். 1980-களின் பிற்பகுதியில் கான்டெஸா கிளாசிக் என்னும் பெயரில் 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர்களும் வந்த பிறகுதான் தோற்றத்துக்கு ஏற்ற ஓட்டம் அந்தக் காருக்குக் கிடைத்தது. டீசல் வகைகளும் பின்னர் சேர்ந்தன. சென்னை நிறுவனத்துக்கு அத்தகைய இரண்டாம் வாய்ப்பு வாய்க்கவில்லை என்பது வருந்தத்தக்கது. ஹெரால்டு, கசெல் கார்களால் தமிழ்நாட்டுக்கு வாகனத் தொழிலில் பெயர் தேடித் தந்த அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. மிஞ்சிய உடற்கூட்டுப் பாகங்களை பிரிட்டனின் ரிம்மர் பிரதர்ஸ் வாங்கிச் சென்று அங்குள்ள ரோவர் உரிமையாளர்களுக்கு விற்றது.

ஆகவே இன்று ஓட்டுவதற்காக ஒன்றைத் தேர்பவருக்கு இசுசு எஞ்சின் பொருத்திய கான்டெஸாவே உகந்தது. பதினெட்டு ஆண்டுகள் உற்பத்தியில் இருந்ததால் பழைய பாகங்களும் வேலை தெரிந்த மெக்கானிக்குகளும் அதற்கு ஓரளவு கிடைப்பர். அருமையைப் போற்றிப் பாதுகாக்க விரும்புபவருக்கு ஸ்டாண்டர்ட் 2000 பொருந்தும், ஆனால் ஒவ்வொரு பாகத்தையும் தேடி அலையும் பொறுமை வேண்டும்.

தில்லியில் இத்தேர்வுக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்கள் தலைநகர்ச் சாலைகளில் ஓடக் கூடாது என 2014-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இட்ட ஆணையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஐம்பது ஆண்டு கடந்தவற்றைத் தொன்மை வாகனமாகப் பதிவுசெய்ய 2021-ஆம் ஆண்டின் விதி இடம் தருகிறது. அப்போதும் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கே அவற்றைப் பயன்படுத்தலாம். முதல் கான்டெஸா அத்தகுதியை 2034-இலும் முதல் ஸ்டாண்டர்ட் 2000 அதற்கடுத்த ஆண்டிலும் பெறும். ஓட்டுவதற்கு மேலான இசுசு கான்டெஸா பின்னால் பிறந்தது என்பதால், அந்தப் பதிவுக்கு அதுவே மிக நீண்ட காலம் காத்திருக்க வேண்டும்.