கனவில் கண்ட முகமும் வரைந்த கையும்

கனவிலோ அகக்காட்சியிலோ தோன்றிய முகத்தைக் கோடுகளில் வடித்தல் ஐரோப்பியப் புனைவியல் ஓவியத்திற்கே உரிய புதுமை எனக் கருதுவாருளர். இதற்கு வில்லியம் பிளேக் (1757–1827) வரைந்த 'காட்சித் தலைகள்' சான்றாகக் காட்டப்பெறும். இந்திய மரபிலும் இத்தகைய வரைவுகள் உள்ளன. கண்டவர் யார், வரைந்தவர் யார், ஒப்புமைக்குச் சான்று யாது என்னும் மூன்று வினாக்களின்வழி இவற்றை ஒப்பிட்டு நோக்க இக்கட்டுரை முற்படுகிறது.

பாகவதத்தின் பத்தாம் கந்தத்தில் வாணாசுரன் மகள் உஷை, முன்பின் அறியாத ஓர் இளைஞனைக் கனவில் காண்கிறாள். அமைச்சர் மகளாகிய தோழி சித்திரலேகை தேவர், கந்தருவர், மாந்தர் ஆகியோர் உருவங்களை வரிசையாக வரைந்து காட்டுகிறாள். பிரத்தியும்நன் உருவைக் கண்டு நாணிய உஷை, அவன் மகன் அநிருத்தன் உருவைக் கண்டதும் தலைகுனிந்து முறுவலித்து, 'இவனே' என்கிறாள். கண்டவள் ஒருத்தி, வரைந்தவள் மற்றொருத்தி. கண்டவளின் மெய்ப்பாடே சான்றாகிறது. ஐதராபாத்தில் வாழும் தமிழர் இக்கதையைக் கூச்சிப்பூடி மரபின் 'உஷா பரிணயம்' வழியாகவும் அறிவர்.

முகலாய அரசவையில் இது வேறு வடிவம் பெறுகிறது. பாரசீக மன்னர் ஷா அப்பாசை நேரில் சந்தித்திராத ஜஹாங்கீர், அவரைக் கனவில் கண்டதாகக் கூற, அபுல் ஹசன் ஏறத்தாழ 1618இல் அக்காட்சியைத் தீட்டினார். அதற்கு முன்பே, 1613இல் பாரசீகம் சென்ற தூதுக்குழுவுடன், ஷாவின் உருவை நேரிற் கண்டு எழுத ஓவியர் பிஷன்தாஸ் அனுப்பப்பட்டிருந்தார். ஓவியத்தில் ஜஹாங்கீர் சிங்கத்தின்மீதும் ஷா ஆட்டின்மீதும் நிற்கின்றனர். கந்தகாரைப் பற்றிய போட்டி நிலவிய காலத்தில் கனவு அரசியல் மொழியாயிற்று. 1622இல் கந்தகார் பாரசீகர் வசமானமை இங்கு நினைக்கத்தக்கது.

1819 முதல் பிளேக், நீர்வண்ண ஓவியரும் சோதிடருமான ஜான் வார்லியின் இல்லத்தில், இரவு நேரங்களில், வேண்டியோர் உருவங்களைத் தம்முன் அமர்ந்திருப்பவரைப் பார்ப்பதுபோல் வரைந்தார். தெள்ளுப்பூச்சியின் ஆவி வாயைத் திறந்ததால், வாயைத் தனியே வரைய நேர்ந்ததென வார்லி பதிவு செய்துள்ளார். கனவில் தமக்கு ஓவியம் கற்பித்தவர் என்று ஒரு தலையையும் பிளேக் வரைந்தார். இங்குக் கண்டவரும் வரைந்தவரும் சான்று கூறுபவரும் ஒருவரே. அவரைப் பித்தர் என்ற வாதம் வலுப்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். மறுத்துரைக்கவோ உறுதிசெய்யவோ இரண்டாமவர் இல்லை.

எனவே, கனவினின்று ஓவியம் பிறத்தல் புனைவியலின் கண்டுபிடிப்பன்று. கனவுருவுக்குப் புறச்சான்று தேவையில்லை என்று துணிந்தமையே அதன் புதுமையாகும். இவ்வேறுபாட்டைக் கருதாது, பழைய கனவுச் செய்திகளையெல்லாம் புனைவியல் அளவுகோலால் அளத்தல் பொருந்தாது.